நாற்பது நிமிடம் பிந்திய மணிக்கூடு

எங்கள் பணிப்பாளர் பாலேந்திரன் சேருக்கு நேரத்தைப் பற்றிக் கண்காட்சி நடத்த எல்லாத் தகுதியும் உண்டு. ஒன்பது மணிக் கூட்டத்துக்குப் பத்தேகாலுக்கு வந்து, பிந்தி வந்தவர்களைக் கணக்கெடுப்பார்.

கண்டியில் பழைய ஏடுகளைப் பாதுகாக்கும் ஓர் அலுவலகம் எங்களுடையது. பெயர் வேண்டாம். நான் அங்கே மூன்று வருடமாகத் தற்காலிக உதவியாளர். என்னை நிரந்தரமாக்கும் கடிதம் அவர் மேசையில் கையெழுத்துக்குக் கிடந்தது. கண்காட்சி முடியட்டும் என்றார். புசல்லாவையிலிருந்து தினமும் பஸ்ஸில் நின்றுகொண்டு வருகிறவளுக்கு அது எவ்வளவு பெரிய கடிதம் என்று அவருக்குத் தெரியும். தெரிந்துதான் காக்க வைத்தார்.

கண்காட்சியின் கதாநாயகன் நான் கண்டெடுத்த நூற்றைம்பது வருடத்துத் தந்திப் பதிவேடு. அந்தக் காலத்தில் கொழும்பிலிருந்து தினமும் தந்தியில் சரியான நேரம் வரும். துறைமுகத்துக் கப்பல்களும் அதே நேரத்துக்குத்தான் மணிக்கூடுகளைத் திருத்திக்கொண்டன. நடுக்கடலில் சூரியனை அளந்து தாங்கள் நிற்கும் இடத்தைக் கணிக்க அது வேண்டும். நான்கு வினாடி பிழைத்தால் ஒரு கடல் மைல் பிழைக்கும். கண்டியில் கப்பல் ஏது? ஆனாலும் இங்கிருந்த தந்தி லிகிதர் தினமும் எழுதினார்: 'எங்கள் மணிக்கூடு ஒன்பது வினாடி பிந்தியது.' ஒருநாள், 'தந்தி வரவில்லை. சரியான நேரம் தெரியாது.' அரசாங்க ஏட்டில் ஒருவர் 'தெரியாது' என்று எழுதியதை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். அந்த மனிதரை எனக்குப் பிடித்துப்போயிற்று.

திறப்பு விழாவுக்குச் சோதிடர் குறித்த சுபநேரம் 10.47. பிரதம அதிதி பேராதனை வாகன நெரிசலில் சுபமாக உட்கார்ந்திருந்துவிட்டு 11.24க்கு வந்து இறங்கினார்.

"பிள்ளை, ஏணியைக் கொண்டுவாரும்," என்றார் சேர். "சுவர் மணிக்கூட்டை ஒருக்காப் பின்னுக்குத் திருப்பும்."

திருப்பினேன். 11.26 மணி 10.46 ஆயிற்று. ஆளுக்கொரு போன் வைத்திருந்த நூறு பேரும் சுவரைப் பார்த்துத் தலையாட்டினார்கள். ஒரு நிமிடம் பொறுத்து, சுபநேரத்தில் குத்துவிளக்கு ஏற்றினார்கள். நாற்பது நிமிடம் என்றால் அறுநூறு கடல் மைல். அந்தக் கணக்கில் எங்கள் மண்டபம் வங்காள விரிகுடாவின் நடுவே நின்றது. ஒருவரும் நனையவில்லை.

அலுவலக நாளேட்டை எழுதுவது என் வேலை. 'திறப்பு 11.27. எங்கள் மணிக்கூடு நாற்பது நிமிடம் பிந்தியது' என்று எழுதினேன். பயமாகத்தான் இருந்தது.

சேர் வாசித்தார். "இதென்ன? 10.47 எண்டு மாத்தும்."

"நடந்தது 11.27ங்க சேர். வேணும்னா நீங்களே மாத்தி கையெழுத்து வைங்க."

"ஓம், ஓம்," என்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஏட்டைத் தொடவில்லை.

பின்னேரம் கூப்பிட்டு ஒரு கடிதம் தந்தார். நான் காத்திருந்த கடிதம் அல்ல. என் சேவை இன்றோடு முடிகிறதாம். ஒரு மாத முன்னறிவித்தல் கொடுக்க வேண்டும் என்பது விதி. ஆகவே கடிதத்தில் போன மாதத் திகதி. இந்த முறை ஏணி தேவைப்படவில்லை.

எனக்கு அழுகை வந்தது. கடிதத்தை நான்காக மடித்தேன்.

"கிடைச்சதெண்டு ஒப்பம் வையும்," என்று பிரதியை நீட்டினார்.

அவர் பேனாவையே வாங்கி, இன்றைய திகதியைப் போட்டு எழுதினேன்: 'கிடைத்தது பிற்பகல் 3.52. எங்கள் அலுவலகம் முப்பது நாள் பிந்தியது.' கீழே என் பெயரை முழுதாக எழுதினேன். இராமையா நிஷாந்தினி.