சிவந்துபோன ஐந்து ரூபாய்

பால் ஊற்றும் தங்கராசு வீசியெறிந்த காசுகளில் ஒன்று உருண்டுபோய், பெஞ்சில் டீ குடித்துக்கொண்டிருந்த ஏட்டு ஜெயராமனின் பூட்ஸில் முட்டி விழுந்தது.

"யோவ் பெருசு, இது என்னாய்யா காசு? செம்புத் தகடாட்டம் செவந்து கெடக்குது! எவனோ உருக்கி ஊத்தி வுட்டுக்கினு இருக்கான், நீ அத்த என் தலையில கட்டுற!"

டீக்கடைக்காரன் கொளஞ்சியப்பன் அடுப்பைத் தணித்துவிட்டு எட்டிப் பார்த்தான். ஏட்டு குனிந்து காசை எடுத்து வெயிலில் பிடித்துப் பார்த்தார். சிங்கம் சரியாக இருந்தது, எழுத்து சரியாக இருந்தது. நிறம்தான் தப்பு. மஞ்சளாக இருக்க வேண்டிய ஐந்து ரூபாய், சுட்ட செங்கல் மாதிரி இருந்தது.

"கள்ளக்காசுன்னு சேத்தியாத்தோப்புப் பக்கம் ஒரே பேச்சா இருக்கு" என்றார் ஏட்டு. "சாயங்காலம் வண்டியோட வரேன். இத்த குடுத்த ஆளக் காட்டு. காட்டலன்னா நீதான் ஏறணும் பெரியவரே."

"நான் ஏங்க ஏறணும்? ஆளு எனக்குத் தெரியும்."

தெரியும்தான். நிலக்கரிச் சுரங்கத்தில் காலமெல்லாம் கான்ட்ராக்டில் மண் தள்ளியவன் கொளஞ்சியப்பன். பர்மனென்ட் ஆக்குகிறேன் என்று சொன்னவன் ஒவ்வொருவனும் ஏமாற்றினான். அதோடு மனுஷப் பேச்சை நம்புவதை விட்டுவிட்டான். டவுன்ஷிப் ஆர்ச்சுக்கு வெளியே டீக்கடை போட்ட பிறகும் அதே குணம்தான். கடையில் யார் எந்தக் காசைப் போட்டார்கள் என்பதில் கண் வைத்தபடியே டீ ஆற்றுவான். நோட்டே நீட்டாமல் சில்லறையாகவே கொடுப்பவள் ஒருத்திதான். எதிரே இருக்கும் கல்யாண மண்டபத்தில் கக்கூஸ் கழுவும் ரெஜினா.

ஆனாலும் ஒன்று உறுத்தியது. தங்கராசு போனதும், அவன் எறிந்த சிவப்புக் காசு ஒன்றை வெங்காயக் கத்தியால் சுரண்டினான். சிவப்பு உரிந்து உள்ளே பளிச்சென்று மஞ்சள் தெரிந்தது. உள்ளே நல்ல காசு, மேலே செம்பு. இது என்ன திருட்டு? நல்ல காசுக்கு எவனாவது சாயம் பூசுவானா?

யோசித்து முடிப்பதற்குள் ரெஜினாவே வந்தாள். ஒரு கையில் வெள்ளைக் கேன், மறு கையில் பிளாஸ்டிக் மக்கு. டீ வாங்கிக் குடித்துவிட்டு மக்குக்குள் கைவிட்டு ஐந்து ரூபாய்க் காசுகளை எடுத்து நீட்டினாள். சிவப்பு.

கொளஞ்சியப்பன் அவள் கையை மணிக்கட்டோடு பிடித்தான்.

"ஐயோ!" என்று அவள் போட்ட சத்தத்தில் ரோட்டில் போன சைக்கிள்காரன் காலை ஊன்றினான். கொளஞ்சியப்பன் விட்டுவிட்டான். அவன் உள்ளங்கையில் ஈரமாக ஏதோ ஒட்டியிருந்தது. அவளுடைய தோல்.

"எங்கடி அடிச்ச இந்தக் காச?"

"அடிக்கிறதா? கல்யாணத்துக்கு வரவங்க குடுக்குறதுங்க. கை ஈரமா கீதுன்னு மக்குல போட்டு வச்சுக்குவேன். அவ்ளோதான் பெரியவரே, மாதா சத்தியமா!"

"மாதாவ இழுக்காத. மக்குல என்னா இருக்கு?"

"ஆசிட்டு. அதுலதான் அளந்து ஊத்துவேன்."

"ஆசிட்டுல செவக்குதா? இத்த நான் நம்பணும்?"

"நம்பாட்டிப் போங்க."

அவன் கேனைப் பிடுங்கினான். கல்லாவிலிருந்து ஒரு மஞ்சள் காசை எடுத்துக் கண்ணாடி டம்ளரில் போட்டு, அது முழுகும்வரை ஆசிட்டை ஊற்றினான். மூக்கு எரிந்தது.

"உக்காரு. செவந்தா வூட்டுக்குப் போ. செவக்கலன்னா ஏட்டு வண்டியில போ."

"மத்தியானம் நான் கழுவணுங்க. மண்டபத்து மேஸ்திரி தொரத்திடுவான்."

"உக்காருன்னேன்."

உட்கார்ந்தாள். கைகளைப் புடவைக்குள் ஒளித்துக்கொண்டாள். மதிய ஷிப்ட் பஸ் வந்து ஆட்களை அள்ளிக்கொண்டு போயிற்று. கொளஞ்சியப்பன் டீ ஆற்றினான், டம்ளரைப் பார்த்தான். வடை எடுத்தான், டம்ளரைப் பார்த்தான். காசு வெளுத்ததே தவிரச் சிவக்கவில்லை.

"என்னாம்மா, பொய்யி வெளுக்குது பாத்தியா?"

ரெஜினா எட்டிப் பார்த்தாள். முகம் செத்துப்போயிற்று. பிறகு மெதுவாக, "நான் இப்பிடி முக்கியா வச்சேன்? மக்கு அடியில பிசுக்காட்டம் கொஞ்சந்தான் நிக்கும்" என்றாள்.

சாக்குதான் சொல்கிறாள் என்று நினைத்தான். இருந்தாலும் பெரும்பகுதியைச் சாக்கடையில் சாய்த்து, காசின் அடி நனைய மட்டும் விட்டு, டம்ளரை வெயிலில் வைத்தான். நிழல் நீள நீள, டீ ஆற்றுவதை விட்டுவிட்டு டம்ளருக்குப் போய்ப் போய்க் குனிந்து பார்த்தான். ஜீப்பில் ஏறப்போவது தான் இல்லை என்று தெரிந்தும் ஏன் இப்படிப் போய்ப் பார்க்கிறோம் என்று அவனுக்கே புரியவில்லை.

ஜீப்புச் சத்தம் கேட்டது. ஏட்டு இறங்கினார்.

"எங்கய்யா ஆளு? இந்தப் பொம்பளையா?"

ரெஜினா எழுந்து நின்றாள். கொளஞ்சியப்பன் டம்ளரை எடுத்துவந்து பெஞ்சில் வைத்தான். ஓரத்தில் மஞ்சள் கொஞ்சம் பாக்கி; மற்றபடி காசு சிவந்திருந்தது.

"காலையில நானே போட்ட நல்ல காசுங்க. எங் கல்லாக் காசு. அடிச்சதும் இல்ல, உருக்குனதும் இல்ல. ஆசிட்டு தின்னுட்ட காசு."

"அட!" ஏட்டு காசை எடுக்க டம்ளருக்குள் விரலை விட்டார். கொளஞ்சியப்பன் அவர் கையைப் படாரென்று தட்டிவிட்டான்.

"என்னாய்யா, போலீஸ் கையவே அடிக்கிற!"

"வெந்துடுங்க."

ஏட்டு கையை உதறிக்கொண்டார். அவர் பார்வை மெதுவாக ரெஜினாவிடம் போயிற்று. அவள் கைகள் புடவைக்கு வெளியே வந்திருந்தன. நகத்தைச் சுற்றி வெளுத்துப்போய், மணிக்கட்டில் தோல் உரிந்து.

"கைக்கு உறை கிறை குடுக்கல?"

"கேட்டா வேற ஆளு வச்சுக்குவான்" என்றாள். "நான் போலாமா சார்?"

"போம்மா. உம்மேல ஒண்ணும் இல்ல."

அவள் பெருமூச்சு விட்டு, நேரே கேனிடம் வந்து குனிந்தாள். கொளஞ்சியப்பன் கேனின் மேல் காலை வைத்தான்.

"வுடுங்க பெரியவரே. ரா விசேஷம் கீது. கேன் இல்லாம போனா சீட்டு கிழிஞ்சிடும்."

"கேன் எங்க இருக்குன்னு போயி அந்த மேஸ்திரிகிட்ட சொல்லு. அவனே வந்து வாங்கிக்கட்டும். வெறுங்கையால ஊத்திக் காட்டிட்டு எடுத்துக்கினு போவட்டும்." அவன் ஏட்டின் பக்கம் திரும்பினான். "வண்டியோட வந்துட்டீங்க. சும்மாவா திரும்புவீங்க? உக்காருங்க, டீ போடுறேன்."

ஏட்டு மண்டபத்தைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டு, பெஞ்சில் உட்கார்ந்தார்.