பௌர்ணமிக்குக் கழற்றிய ரோட்டர்

பலராமனின் அம்பாசடருக்கு அந்த வருடம் இருபத்துநாலு வயது. வேங்கிக்காலில் அவரைத் தெரியாதவர்களுக்குக்கூட அந்த வெள்ளை வண்டியைத் தெரியும். சென்னை விமான நிலையத்தில் இறங்கும் வெளிநாட்டுக்காரர்களை ஆசிரமத்துக்கு ஏற்றி வருவதுதான் பிழைப்பு. வழியில் ஒருநாளும் வண்டி நின்றதில்லை. அவர் நிற்க விட்டால்தானே?

வெள்ளிக்கிழமை தவறாமல் பிளக்குகளைக் கழற்றி உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பார். ஆயில் கம்பியை உருவித் துடைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். போர் தண்ணீரில் உப்பு ஜாஸ்தி என்று ரேடியேட்டருக்காக மழைத்தண்ணீரை டிரம்மில் பிடித்து வைத்திருப்பார். அதில் யாராவது ஒரு சொம்பு மொண்டால் போச்சு, வீடு ரெண்டுபடும்.

"எனக்குக் காய்ச்சல்னா தொட்டுப் பாக்க ஆளில்ல. எஞ்சின் சூடாச்சுன்னா மட்டும் கைய வச்சி வச்சிப் பாக்கறாரு" என்பாள் ராணியம்மாள். சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். ரத்தக்கொதிப்பு மாத்திரையை அவள் பாதி நாள் மறந்துவிடுவது அவர் கண்ணில் பட்டதே இல்லை.

பௌர்ணமி வந்தால்தான் அவருக்குப் பயம். கிரிவலக் கூட்டத்தை இறக்கிவிட்டு பஸ்ஸும் வேனும் வேங்கிக்கால் வரை நிற்கும். தெருவெல்லாம் முகம் தெரியாத ஆட்கள். ஒருமுறை அந்தச் சந்தடியில் எவனோ ஒயரைச் சேர்த்து வண்டியை ஸ்டார்ட் செய்து தெருமுனை வரை கொண்டு போய்விட்டான். அதிலிருந்து பௌர்ணமிக்கு கிரிவலம் கிளம்பும்முன் பானெட்டைத் திறந்து ரோட்டரைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். கட்டைவிரல் அளவுப் பழுப்புத் துண்டு. அது இல்லாவிட்டால் செல்ஃப் சுற்றும், எஞ்சின் பற்றாது. ஊரை அண்ணாமலையார் பார்த்துக்கொள்வார், வண்டியை நாம்தானே பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது அவர் நியாயம். இந்த விஷயம் ராணியம்மாளைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது.

ஒரு தடவை எடுக்க மறந்து, சட்டையோடு ரோட்டரும் சோப்புத் தண்ணீரில் ஊறிவிட்டது. தாம் தூம் என்று குதித்தார். அன்று முதல் ராணியம்மாள் அவர் சட்டையை வாளியில் போடும்முன் பையைத் தட்டிப் பார்க்காமல் இருந்ததில்லை.

அந்த ஐப்பசிப் பௌர்ணமியன்று மதியமே கிளம்பிவிட்டார். அடி அண்ணாமலையில் அவர் கரும்புச்சாறு குடித்துக்கொண்டிருந்திருப்பார், இங்கே கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த ராணியம்மாள் அப்படியே சாய்ந்தாள். வலது கையும் காலும் இழுத்துக்கொண்டன, வாய் கோணிப்போனது. பக்கத்து வீட்டில் இருந்த அவள் தம்பி சுப்பிரமணி, லாரி டிரைவர், அக்காவைத் தூக்கிப் பின்சீட்டில் கிடத்திவிட்டு சாவியைப் போட்டான். செல்ஃப் சுற்றியது, எஞ்சின் பற்றவில்லை. நாலு பேர் தள்ளியும் பார்த்தார்கள். கடைசியில் பேட்டரியும் படுத்துவிட்டது. அந்தக் கூட்டத்தில் காலியாக ஒரு ஆட்டோ கிடைக்கவில்லை. எங்கெங்கோ ஓடி ஒரு தண்ணி லாரியைப் பிடித்து வருவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் உயிர் தங்கியது. வலது பக்கமும் பேச்சும் போயின. "கொஞ்சம் முன்னாடியே கொண்டாந்திருக்கலாமே" என்றார் டாக்டர். சேதி கேட்டு ஓடி வந்த பலராமன் சட்டைப்பையைப் பொத்திக்கொண்டு நின்றார்.

மறுநாள் விடியும்முன் வீட்டுக்கு வந்து, யாரும் பார்க்காமல் ரோட்டரை மாட்டினார்.

"இத்தினி வருசம் சீராட்டுன வண்டி கால வாரிடுச்சே" என்று தெருவே வண்டியைத் திட்டியது. அவரும் வாயில்லாத இரும்பின்மேல் பழியைப் போட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். வெட்கங்கெட்ட வேலைதான், ஆனால் சொல்ல நாக்கு எழவில்லை. விழுந்ததுமே ராணியம்மாளுக்கு நினைவு தப்பியிருக்கும் என்று அவராகவே நம்பிக்கொண்டார். ஒன்றும் தெரியாமல் கிடந்தாளே, அதுவே போதும் என்பது ஒன்றுதான் அவருக்கு மிஞ்சிய ஆறுதல்.

வண்டியைத் தொலைத்துத் தலைமுழுகச் சொல்லி, தை மாதத்தில் சுப்பிரமணியே வாங்க ஆள் பிடித்து வந்தான். போளூரிலிருந்து வந்த அருள்ராஜ் சாவியைத் திருப்பினான். அரைச் சுற்றுதான், எஞ்சின் பற்றிக்கொண்டது.

"இவ்ளோ ஜோரா இருக்குது, ஏங்க குடுக்கறீங்க?"

சுப்பிரமணி டயரை எட்டி உதைத்தான். "இப்பப் பத்திக்கறியா? அன்னிக்கு அக்கா நெஞ்ச நெஞ்சத் தட்டிக்கினு கெடந்துச்சு. மாரடைப்புதான்னு பயந்து நான் நெஞ்ச நீவி விட்டுட்டிருந்தேன். அப்ப பத்தலியே நீ!"

பலராமன் அவன் கிட்டே வந்தார். "அவளுக்கு நெனவு இருந்துச்சா?"

"நல்லா இருந்துச்சு மாமா. நான் செல்ஃப் அடிக்க அடிக்க, இடது கையால நெஞ்சத் தட்டி என்னியே பாத்துச்சு. என்னமோ சொல்ல வந்துச்சு, வாய் வரல."

வாசலில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த ராணியம்மாளைத் திரும்பிப் பார்த்தார். அவளும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். இடது கையை மெல்லத் தூக்கி, தன் நெஞ்சின் இடது பக்கத்தில் தட்டினாள். சட்டையை வாளியில் போடும்முன் தட்டுவாளே, அதே மாதிரி.

"நெஞ்சு வலி இல்லடா அது" என்றார் பலராமன். நடந்து போய் அவள் காலடியில் உட்கார்ந்தார். அவள் கையை நீட்டி அவருடைய காலிச் சட்டைப்பையைத் தொட்டாள்.

யாரும் அணைக்காததால் எஞ்சின் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.