துக்க வீட்டுத் தெரு

அமைதிக் கூட்டம் என்று அதற்குப் பெயர். எனக்கோ கை நிற்கவில்லை. முந்தானையை முறுக்குவதும் பிரிப்பதுமாக உட்கார்ந்திருந்தேன். பெரிய காஞ்சிபுரத்தில் நான் வேலை செய்யும் பட்டுக்கடையில் அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு வந்திருந்தேன். தாலுகா ஆபீசில் மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் அதிகாரி, அவர் பக்கத்தில் இன்ஸ்பெக்டர். ஊர்க்காரர்கள் சார்பில் சீனிவாசன். எங்கள் காலனி சார்பில் நானும், என் கொழுந்தன் கமலும், பக்கத்து வீட்டு சாமுவேல் அண்ணனும்.

தாமலுக்கு அப்பால் இருக்கும் எங்கள் ஊரில், ஆடித் திருவிழாவின் அம்மன் சப்பரம் காலனிக்குள் வந்ததே இல்லை. தெருமுனையோடு திரும்பிவிடும். என் வீட்டுக்காரர் பூவராகவன் உயர்நீதிமன்றத்துக்குப் போனார். தீண்டாமையை ஒழித்த அரசியலமைப்பின் பதினேழாவது பிரிவைச் சோறு ஆறிப்போவதுகூடத் தெரியாமல் எனக்கு வாசித்துக் காட்டுவார். ஆண்டுதோறும் சப்பரம் எல்லாத் தெருவுக்கும் போக வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. போன ஆடியில் போலீஸ் காவலோடு சப்பரமும் வந்தது. காவல் போய்விட்டது. ஐப்பசியில் ஏரிக்கரையில் வைத்து அவரை வெட்டினார்கள். பிடிபட்ட மூன்று பேரில் சீனிவாசனின் தங்கை மகன் யுவனும் ஒருவன். மூவரும் இப்போது ஜாமீனில் ஊருக்குள் நடமாடுகிறார்கள்.

"இதுல சண்டையே இல்லம்மா" என்று சீனிவாசன் அதிகாரியைப் பார்த்துச் சிரித்தார். "கோர்ட்டு சொன்னத நாங்க மீறல. ஆனா அது சாவு விழுந்த தெரு. வருசம் திரும்பாம அம்மன் எப்படி உள்ள வரும்? அவங்க வாயாலயே சொன்னாங்க. கேட்டுப் பாருங்க."

சொன்னது உண்மைதான். கூழ் வார்க்கக் கேழ்வரகு கேட்டு ஊரிலிருந்து ஆள் வந்தபோது, "துக்க வீடுபா, இந்த வருசம் எங்களுக்கு இல்ல" என்று என் மாமியார் கலாவதி சொல்லியனுப்பினார். சாவு நடந்த வீடு ஒரு வருஷம் திருவிழாவுக்கு எதுவும் தராது. சாமி வரும்போது கதவைச் சாத்திக்கொள்ளும். எங்கள் வழக்கம் அது, அவர்கள் வழக்கமும் அதுதான். மாமியார் தன் வீட்டைச் சொன்னார். அவர்கள் தெரு முழுவதையும் எடுத்துக்கொண்டார்கள்.

"ரெண்டு பக்கமும் ஒரே வழக்கம். நல்லதாப் போச்சு" என்றார் இன்ஸ்பெக்டர். அதிகாரி பேனாவை எடுத்தார்.

"போன வருசம் ஆடிக்கு முன்னாடி உங்க பெரியப்பா செத்துப்போனாரே" என்று சீனிவாசனைக் கேட்டான் கமல். "அப்போ சப்பரம் உங்க தெருவ வுட்டுட்டு வானத்துலயா போச்சு?"

"டேய், மரியாதையாப் பேசு" என்று இன்ஸ்பெக்டர் அதட்டினார்.

"மரியாதையாத்தான் சார் கேக்குறேன்."

"அது வேற" என்றார் சீனிவாசன்.

"இன்னா வேற?"

சாமுவேல் அண்ணன் என் காதருகே குனிந்தார். "ஒத்துக்கோமா வடிவு. தெனம் அந்த ஏரிக்கரையிலதான் கமல் ஆட்டோ ஓட்டிக்கினு வர்றான்."

எனக்கு மட்டும் தெரியாதா? ஐப்பசியிலிருந்து அவன் ஆட்டோச் சத்தம் கேட்கும்வரை நான் உலை வைத்ததில்லை. தலையை ஆட்டிவிட்டால் இந்த ஆடி தாண்டிவிடும். வாயைத் திறந்தேன். அப்போதுதான் உறைத்தது. ஒரு சாவு விழுந்தால் ஒரு வருஷம் சப்பரத்தை நிறுத்தலாம் என்று இந்த அறையில் முடிவானால், அடுத்த ஆடிக்கு அவர்களுக்கு யாருடைய சாவு வேண்டியிருக்கும்?

"துக்கம் எங்க வீட்டுக்குத்தாம்மா, தெருவுக்கு இல்ல" என்றேன். "எங்க கதவ நான் சாத்திக்கிறேன். சாமி தெருவுல போவட்டும். இப்ப நிறுத்தினீங்கன்னா, வருசத்துக்கு ஒருத்தர வெட்டினாப் போதும்னு ஆயிடும்."

சீனிவாசன் சிரிப்பதை நிறுத்தினார். அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். பிறகு இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பி, "வழி மாறக்கூடாது. பந்தோபஸ்து போடுங்க" என்றார்.

திருவிழா அன்று கமல் கிளம்பும்போது, "நீ தூக்க வேணாம்பா" என்றேன். "போன வருசம் அண்ணன் தோள் குடுத்தாரு அண்ணி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

கதவைச் சாத்திக்கொண்டு நானும் மாமியாரும் உட்கார்ந்திருந்தோம். என்னால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. அடுப்படிக்கும் கதவுக்குமாக நடந்தேன். மேளச் சத்தம் தெருவுக்குள் நுழைந்தது, நெருங்கியது. துக்க வீட்டின் முன்னால் சப்பரம் நிற்காது. ஆனால் எங்கள் வாசலில் மேளம் சட்டென்று நின்றது.

"தொறக்காதடி" என்று மாமியார் என் கையைப் பிடித்தார். உதறிவிட்டுத் திறந்தேன்.

சப்பரத்தின் முன்கொம்பு கமலின் தோளில் இருந்தது. முகமெல்லாம் வேர்வை.

"ஏன் அண்ணி தொறந்தீங்க? தோள் மாத்தறோம், அவ்ளோதான்" என்று சிரித்தான்.

தெருவே கும்பிட்டுக்கொண்டிருந்தது. நான் அம்மனைப் பார்க்கவில்லை. கமலுக்குப் பின்னால் நெருக்கியடித்து நின்றவர்களில் யார் யாருடைய கைகள் குவிந்திருக்கவில்லை என்று ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.