மௌரீன் அவர்களுக்கு

1

மன்னிப்பின் விலை, 1998இல் பெங்களூரில், பக்கத்துக்கு ஆறு ரூபாய். கவர் தனி. ஒக்கலிபுரத்தில் டி.டி.பி. கடை நடத்தும் உத்தமன் சொன்ன விலை அது. நான் ஐந்துக்கு இறக்கினேன். [சிக்பேட்டை ஜவுளிக்கடையில் வளர்ந்தவனிடம் முதல் விலை சொல்வதே தப்பு.] வாடிக்கையாளர் ஒருவருக்கு வருத்தக் கடிதம் அடிக்கப் போனவனுக்கு இந்தக் கதையும் கிடைத்தது. இதற்கு அவன் விலை சொல்லவில்லை.

2

கருப்புத் திரையில் வெள்ளைக் கோடு ஒன்று கண் சிமிட்டியது, உத்தமனின் தனிமையைப் போல—

வேண்டாம். உவமை போட்டு விலை ஏற்றும் சரக்கு.

உத்தமன் ஒரு சின்ன புரோகிராம் எழுதியிருந்தான். படமில்லை, மவுஸ் இல்லை. கருப்புத் திரையில் 'நிரப்பு' என்று தட்டி, மாதிரிக் கடிதத்தையும் ஆட்களின் பட்டியலையும் காட்டினால், பெயருக்கு விட்ட இடத்தில் பெயரை வைத்து ஆளுக்கொரு கடிதம் தள்ளும். ஆங்கிலத்தில் தொல்லையில்லை. தமிழில்தான் வம்பு. 'க்கு' சேர்க்கச் சொன்னால் 'தேசிகன்க்கு', 'ரமாக்கு' என்று ஒட்டியது. அதற்கு இலக்கணம் சொல்லிக்கொடுக்க உத்தமனுக்குப் பொறுமையில்லை; எல்லாப் பெயருக்கும் பின்னால் 'அவர்கள்' போட்டுவிட்டான். தேசிகன் அவர்களுக்கு, ரமா அவர்களுக்கு. எந்தப் பெயரும் வளைய வேண்டாம். நான் மெச்சினேன்: ஒரே அளவு, எல்லாருக்கும் பொருந்தும்.

3

[மௌரீனை நான் பார்த்ததில்லை. பேச்செல்லாம் உத்தமன் சொன்னபடி. தான் அடிபட்ட இடங்களையும் சொன்னதால் நம்புகிறேன்.]

மௌரீன் அவன் மனைவி. கடையில் நாலு பேர் முன்னால் அவளை, "உனக்கென்ன தெரியும், வாயை மூடு" என்றுவிட்டான். அவள் லிங்கராஜபுரத்து அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். தப்பை எழுத்தில் ஒத்துக்கொண்டால் வருவாளாம். இல்லையென்றால் அங்கேயே வேலை தேடிக்கொள்வாளாம்.

எழுத்துதானே நம் தொழில் என்று உத்தமன் 'நிரப்பு' தட்டினான். கடிதத்தை ஸ்கூட்டரில் கொண்டுபோய் நீட்டினான். அவள் கேட்டிலேயே நின்று படித்தாள்.

"யாருப்பா இது, மௌரீன் அவர்கள்? கார்ப்பரேஷன் கமிஷனரா?"

"மரியாதை வேணும்னு நீதானே கேட்ட."

"கேட்டேன். வரி நோட்டீஸ்ல போடுற மரியாதையா கேட்டேன்?" அடுத்த வரியை உரக்கப் படித்தாள். "'தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம்.' வருந்துகிறோம்னா யாரு? நீயும் உன் கம்ப்யூட்டருமா?"

"அது கம்பெனிங்களுக்குப் போட்ட மாதிரி. மாத்த மறந்துட்டேன்."

"இப்ப மாத்து. கையால."

"பேனா இல்ல."

"எழுத்துக் கடை வச்சிருக்கான், பேனா இல்லையாம்," என்று உள்ளே போய் எடுத்து வந்தாள்.

4

அவள் சிரித்துவிடுகிறாள், இருவரும் ஒரே ஸ்கூட்டரில்— ரெடிமேட் முடிவு. கேட் சாத்தப்படுகிறது— அதுவும் ரெடிமேட்தான், துணி மட்டும் கருப்பு.

நடந்தது இவ்வளவு. 'மௌரீன் அவர்களுக்கு' என்பதை அடித்து 'மௌரீனுக்கு' என்று எழுதினான். 'தங்களுக்கு' போய் 'உனக்கு' வந்தது. 'சிரமத்துக்கு' மேல் தயங்கினான். "அவமானம்," என்று அவளே எடுத்துக் கொடுத்தாள், எழுதினான். அடுத்தது 'வருந்துகிறோம்'. 'வருந்துகிறேன்' ஆக இரண்டே எழுத்தைத் திருத்தினால் போதும். பேனா நின்றது. திருத்தினால் கடையில் கத்தியவன் அவன் ஒருவன்தான் என்று ஆகிவிடும். அவள் காத்திருந்தாள்.

இதைச் சொல்லும்போது என் கடிதம் அச்சாகிவிட்டது. உத்தமன் எழுந்து போனான், மிச்சத்தைச் சொல்லவில்லை. நானும் இட்டுக்கட்டப் போவதில்லை. பேனா இனி உங்களிடம்.

கணக்கு:
அடித்தது மூன்று இடம்.
எழுதியது மூன்று சொல்.
பாக்கி, ஒரு 'றேன்'.