பெட்டிக்குள் இருந்த மூன்று உத்தரவுகள்

பகடையில் மூன்று விழுந்தது. மூன்று உத்தரவுகளுக்கு மேல் எழுத முடியாது. அவர் பென்சில் முனையை நாக்கில் தொட்டு மூன்று சீட்டுகள் எழுதினார். மடித்து மனைவியிடம் நீட்டினார். அவள்தான் நடுவர். வழக்கம்போலப் படிக்காமல் பெட்டிக்குள் போடச் சொன்னார். முதுகை நிமிர்த்த எழுந்தவர் ஜன்னலை எட்டுமுன் சரிந்தார். ஆஸ்பத்திரியில் நாடி பிடித்துப் பார்த்துவிட்டுக் கையை விரித்தார்கள்.

நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரைந்தவர். ஆறு வருடம் மண்டையைக் குடைந்து ஒரு போர் விளையாட்டை உருவாக்கியிருந்தார்: மேஜை நிறைய வரைபடம், அதன்மேல் மரக்கட்டைப் படைகள். மற்ற விளையாட்டுகளில் ஆடுபவன் நினைத்தவுடன் படை நகரும். அவன் தளபதி இல்லை, கடவுள் என்பார் அவர். இவருடைய விளையாட்டில் உத்தரவுச் சீட்டு தகரப் பெட்டிக்குள் போகும். இரண்டு சுற்று கழித்துத்தான் படைக்குக் கிடைக்கும். அதுவரை பழைய உத்தரவே செல்லும்.

எதிரணி மனைவியின் தம்பி, மருந்துக்கடைக்காரன். அவனுக்கு இந்தத் தாமதம் தொண்டையில் சிக்கிய முள். "அத்தான், உங்க உத்தரவு போய்ச் சேர்றதுக்குள்ள எதிரி பேரன் பேத்தி எடுத்துருவான்" என்று குத்துவான். விளையாட்டை வெளியிட இருந்த பதிப்பாளரும் அவன் கட்சி. ஒரு சுற்றுத் தாமதம் போதும், இரண்டு என்றால் வாங்குகிறவன் ஓடிவிடுவான், எதற்கும் கடைசிச் சோதனை ஆட்டத்தின் குறிப்பை அனுப்புங்கள் என்று எழுதியிருந்தார். அந்த ஆட்டம்தான் பாதியில் நின்றது.

மூன்று வாரம் கழித்து, மேஜையை ஒழித்துக் கொடுக்கலாம் என்று தம்பி வந்தான். அவள் அவனை அவனுடைய நாற்காலியிலேயே உட்காரச் சொன்னாள். ஆளே இல்லாமல் எப்படி ஆடுவது என்று கேட்டான்.

"அவர் உத்தரவு குடுத்துட்டார்டா. இன்னும் போய்ச் சேரலை, அவ்வளவுதான்."

ஆடினார்கள். தம்பி முன்பே அனுப்பியிருந்த உத்தரவுகளின்படி அவன் படை ஆற்றைக் கடந்தது, பாலத்தை ஒட்டிய கிராமத்தைப் பிடித்தது. அத்தானின் படைகள் நின்ற இடத்தில் நின்றன. இரண்டு சுற்று முடிந்ததும் அவள் பெட்டியைத் திறந்தாள்.

முதல் சீட்டில் பெரிதாக ஒன்றுமில்லை, மருத்துவ வண்டிகளைப் பின்னால் இழுக்கச் சொல்லியிருந்தார். இரண்டாவது, காட்டோரம் காத்திருந்த படைக்கு: 'எதிரி ஆற்றைக் கடந்தால் என்னைக் கேட்காதே. அடி.'

தம்பியின் முகம் சுருங்கியது. அவசரமாகப் பின்வாங்கும் உத்தரவை எழுதினான். அது போய்ச் சேர இரண்டு சுற்று ஆகும். இந்த ஒரு தடவை மட்டும் ஒரு சுற்றாக வைத்துக்கொள்ளலாமா என்று அசடு வழிந்தான். அவள் சீட்டைப் பெட்டிக்குள் போட்டாள்.

மூன்றாவதைப் பிரித்தபோது அவள் கை நின்றது. பீரங்கிகளை அந்தக் கிராமத்துக்குக் கொண்டுபோகச் சொல்லியிருந்தார். எழுதிய நேரத்தில் கிராமம் அவருடையது. இப்போது அங்கே எதிரி உட்கார்ந்திருக்கிறான். சீட்டை உள்ளங்கையில் மறைத்தால் ஆட்டம் அவருக்குத்தான். ஆனால் அப்போது ஜெயிப்பது அவர். அவர் வகுத்த விதி அல்ல.

தம்பி எட்டிப் பார்த்துவிட்டான். "அத விட்டுடுக்கா. அத்தான் பாத்திருந்தா மாத்தியிருப்பார்."

"மாத்தியிருந்தாலும் அந்தச் சீட்டு ரெண்டு சுத்து கழிச்சுத்தானே வரும்?"

நான்கு பீரங்கிகளையும் ஒவ்வொன்றாகத் தன் கையாலேயே நகர்த்திக் கிராமத்தில் வைத்தாள். தம்பி அவற்றை எடுத்துக்கொண்டான், அரைமனதாக. அவனுடைய சீட்டு போய்ச் சேர்வதற்குள் காட்டோரப் படை அவன் ஆட்களில் பாதியை ஆற்றில் தள்ளிவிட்டது. ஆட்டம் யாருக்கும் வெற்றியில்லாமல் முடிந்தது.

அவன் ஆற்றில் விழுந்த தன் கட்டைகளைப் பொறுக்கினான். "ஒரு சுத்துன்னு இருந்தா பீரங்கியும் தப்பிச்சிருக்கும், என் ஆளுங்களும் தப்பிச்சிருப்பாங்க. அப்புறம் உத்தரவு எழுதும்போது எவன் யோசிப்பான்?" என்றான். பிறகு காகிதம் கேட்டு வாங்கி, பதிப்பாளருக்குக் குறிப்பைத் தானே எழுதினான்.

விளையாட்டு இப்போது மூன்றாம் பதிப்பில் இருக்கிறது. அட்டைப்படம் மாறிவிட்டது, மரக்கட்டைகள் பிளாஸ்டிக் ஆகிவிட்டன. உத்தரவு போய்ச் சேர இரண்டு சுற்று ஆகிறது.