ரெட்டை இழை ஊசி

உலகத்து ஓசைகளுக்கெல்லாம் தாயான நாதம் ஒன்று உண்டு. பல பிறவித் தவம் பலித்தவர் செவியில் மட்டுமே அது கேட்கும். 1967ஆம் ஆண்டு மாசி மாதத்தில் அது காஞ்சிபுரம் பஞ்சாட்சர முதலியாரின் இரண்டு செவிகளிலும் கேட்கத் தொடங்கியது. அதற்குள் அவர் உடம்பில் அறுபது ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி ஏறியிருந்தது.

முதலியாருக்கு வயது ஐம்பத்தாறு. ஏழு பட்டுத் தறிகளுக்கு முதலாளி, தெருக் கோயிலுக்குத் தர்மகர்த்தா. தை மாதம் இருமலோடு ரத்தம் வந்தபோது மனைவி அம்சவேணி அவரை டி.பி. ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். அங்கே டாக்டர் குணமாலா சளியைச் சோதித்துவிட்டு மாத்திரையும் ஊசியும் எழுதினார்.

"ஊசி ஒரு நாளைக்கு ஒண்ணுதான். உங்க வயசுக்கு முக்கால் கிராம், அதுக்கு மேல கூடாது. காதுல இரைச்சல் கேட்டாலோ, தலை சுத்தினாலோ, ஒண்ணுக்குப் போறது கொறைஞ்சாலோ உடனே இங்க வந்துடணும். காது நரம்பு போச்சுன்னா திரும்பி வராது. மாத்திரைய மட்டும் ஒரு நாள்கூட விடாதீங்க."

இவ்வளவிலும் முதலியார் காதில் விழுந்தது 'முக்கால்' என்ற ஒரு சொல்தான்.

"எங்கிட்ட தறி நெய்யற முனுசாமிக்கு இன்னாம்மா எழுதினீங்க?"

"அவருக்கு இருபத்தஞ்சு வயசு. ஒரு கிராம்."

வெளியே வந்து படியிலேயே ஒரு கட்டிச் சளியைத் துப்பினார். "கூலிக்காரனுக்கு முழுசு, மொதலாளிக்கு முக்காலா? ஏமே, நான் இன்னா முக்கால் ஆளா?"

அன்று மாலையே பூவராகவனிடம் போனார். பூவராகவன் முன்னாள் கம்பவுண்டர். வாசல் பலகையில் மட்டும் டாக்டர். அவருடைய அறையில் ஸ்டவ்வின் மேல் ஒரு கிண்ணத்தில் காலையிலிருந்து அதே தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. மேலே மஞ்சளாக ஏடு, ஏட்டின் மேல் ஓர் ஈ. அடியில் கிடந்த ஊசியை இடுக்கியால் எடுத்து, முனை மழுங்கியிருந்ததால் வாசற்கல்லில் இரண்டு தேய்ப்புத் தேய்த்து, சட்டையில் துடைத்துக்கொண்டார். பெஞ்சுக்கடியில் ரத்தப் பஞ்சுகளை ஒரு நாய் முகர்ந்துகொண்டிருந்தது.

"நம்ம பொடவைக்கு ஏன்பா மதிப்பு? பாவும் ரெட்டை இழை, ஊடையும் ரெட்டை இழை. ஒத்தை இழைன்னா நாலு தபா கட்டினா பிஞ்சி வந்துடும். ஊசியும் அதே கணக்குதான? காலையில ஒண்ணு, சாயந்திரம் ஒண்ணு. முழு கிராம் போடு" என்றார் முதலியார்.

"நீங்க சொன்னா அப்பீல் ஏது முதலியாரே? இது சாதாரண ஒடம்பா!"

மாத்திரை குமட்டியது. முதலியார் அதைச் சாக்கடைக்குக் கொடுத்துவிட்டார்.

முப்பதாவது நாள் நாதம் வந்தது. முதலில் வண்டு மாதிரி, பிறகு சங்கு மாதிரி. தெரு திரண்டு வந்தது. பக்தர்கள் வரிசையில் நின்று, முதலியார் காதோடு தங்கள் காதை ஒட்டிக் கேட்டார்கள், கேட்டதாகவும் சொன்னார்கள். அவர் நடுநடுவே அவர்கள் முகத்திலேயே இருமினார், பித்தளைப் படிக்கத்தில் துப்பினார், அதே வாயால் விபூதியை ஊதிக் கொடுத்தார். எதிர்வீட்டு லோகாம்பாள் அதை நாக்கில் போட்டுச் சப்பினாள்.

அம்சவேணி மட்டும் வரிசையைத் தாண்டி வந்து அவர் முன்னால் நின்றாள்.

"இன்னாங்க, டாக்டரம்மா சொன்ன இரைச்சல் இதான். ஊசிய நிறுத்துங்க. காது போயிடும்."

"ஆண்டவன் கூப்பிடறது உனக்கு இரைச்சலா இருக்குதா?"

"ஆண்டவன் கூப்பிடறது கேக்குதில்ல? அரை மணியா நான் சோத்துக்குக் கூப்பிட்டுக்கினு இருக்கறது ஏன் கேக்கல?"

அவருக்கு அதுவும் கேட்கவில்லை.

பங்குனி உத்திரத்தன்று கோயிலில் முதல் மரியாதை அவருக்கு. தலையில் பரிவட்டம் கட்டி, முன்வரிசையில் நிறுத்தினார்கள். சில நாட்களாகவே சுவரைப் பிடித்து நடந்தவர், அன்று கம்பீரமாக யாரையும் பிடிக்காமல் நின்றார். குருக்கள் கற்பூரம் காட்டினார். முதலியார் கைகூப்பி, உருக்கமாகக் கண்களை மூடினார்.

மூடியதும் அடி அறுத்த வாழைபோல் பக்கவாட்டில் சாய்ந்தார்.

"பரவசம்!" என்று கத்தினார் பூவராகவன். "யாரும் தொடாதீங்கப்பா!"

யாரும் தொடவில்லை. பரவசத்தில் முதலியார் வாந்தி எடுத்தார். லோகாம்பாள் அந்த ஈரத்தை விரலால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். காலை இட்லியின் துணுக்கு ஒன்று அவள் இமையில் ஒட்டிக்கொண்டது.

அம்சவேணி கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்து, முனுசாமியை ரிக்‌ஷா கூப்பிடச் சொன்னாள். முனுசாமி ஓடினான். சொன்ன ஊசியைச் சொன்ன அளவில் போட்டு, மாத்திரையையும் விழுங்கியதில் அவனுக்கு ஓடத் தெம்பு வந்திருந்தது.

ஆஸ்பத்திரியில் குணமாலா முதலியாரைக் கால்களைச் சேர்த்து நிற்கவைத்து, கண்களை மூடச் சைகை காட்டினார். மூடினார். விழுந்தார். முனுசாமி பிடித்தான்.

"எத்தனை ஊசி?"

"தொண்ணூறுமா. காலையில ஒண்ணு, சாயந்திரம் ஒண்ணு" என்றாள் அம்சவேணி. மாத்திரை சாக்கடைக்குப் போனதையும் விபூதி ஊதிக் கொடுத்ததையும் சேர்த்துச் சொன்னாள்.

குணமாலா பேனாவை மூடி வைத்தார். "காதுக்குள்ளதாம்மா நம்மள நிதானமா நிக்கவைக்கிற நரம்பும் இருக்கு. அது போயிடுச்சு. இனிமே கண்ணால பார்த்துத்தான் நிக்க முடியும். மாத்திரை இல்லாம ஊசி மட்டும் போட்டதுல, கிருமிக்கும் ஊசி பழகிப்போச்சு. வேற மருந்து பார்க்கணும். இவர் ஊதின விபூதிய யார் யார் தின்னாங்களோ, அத்தனை பேரையும் சளி எடுத்துக்கினு வரச் சொல்லுங்க."

"இன்னாமே சொல்றாங்க?" என்றார் முதலியார்.

அம்சவேணி அவர் காதில் வாயை வைத்து ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்கும்படி கத்தினாள். "நாதமெல்லாம் இல்லியாம்! நீங்க கேட்டு வாங்கின ஊசியாம்!"

ஊசி நின்றது. இரைச்சல் நிற்கவில்லை. அதற்குப் பிறகு முதலியார் சாமி கும்பிடும்போது கண்ணை மூடுவதில்லை. கண்ணை மூடிக்கொண்டு தேடுவதெல்லாம் கற்றுக்குட்டிகள் வேலை, தனக்கு நேரிலேயே தெரிகிறது என்று தெருவில் சொல்லிவைத்தார். தெரு அதையும் நம்பியது.

முகத்துக்குச் சோப்புப் போடும்போது மட்டும் அம்சவேணி பின்னால் நின்று அவருடைய அரைஞாண் கயிற்றைப் பிடித்துக்கொள்வாள்.