ராஜா எழுந்து மறுபடி சாக வேண்டுமா?

1

கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா, ஒரு கதை தருகிறேன். முழுசாகத் தருவேன் என்று மட்டும் வாக்குக் கேட்காதீர்கள்.

இது பிறந்த இடம் தொலைக்காட்சி. வெள்ளைக்காரர்களின் கச்சேரி. அத்தனை பேரும் வாசிக்க, ஒருவர் மட்டும் சபைக்கு முதுகைக் காட்டிக் குச்சியை ஆட்டினார். எங்கள் மதுரையில் இப்படி நின்றால் விடுவார்களா என்று நினைத்தேன். சங்கீதம் எனக்குத் தெரியாது. அது என்னைத் தடுத்ததில்லை.

2

‘ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில், வைகையின் வடகரையில், இசைமேதை ஒருவர்—’

வேண்டாம். மேதை என்றதும் அவர் சாப்பிடுவதையே நிறுத்திவிட்டார்.

‘கண்டக்டர் அப்துல் அலீம்—’ (குச்சி ஆட்டுபவருக்கு இங்கிலீஷில் அதுதான் பேர். நீங்கள் சில்லறை தேடுவீர்கள். அடித்துவிட்டேன்.)

சரி, இப்படி: கோரிப்பாளையத்து அப்துல் அலீம் பெங்களூர்ப் பட்டாளத்து பேண்டில் கிளாரினெட் வாசித்தவர். பேண்டை நடத்தும் துரைக்குக் காய்ச்சல் வந்த நாளெல்லாம் குச்சி இவர் கைக்கு வந்தது. எல்லா வாத்தியத்தின் வரியையும் ஒரே பார்வையில் படிக்கவும், சத்தத்துக்கு ஒரு மூச்சு முன்னால் கையை அசைக்கவும் பழகினார். ஊர் திரும்பியும் தினம் சுவரைப் பார்த்துக் கைவீசினார்.

“கொசு செத்துச்சா?” என்பாள் மனைவி சாயிரா பானு.

“பிடில்காரன் முந்துறான்.”

“அவனையும் சேத்து அடிங்க.”

3

பிழைப்புக்குக் கல்யாண ஊர்வல பேண்டு. அங்கே குச்சியை யார் பார்க்கிறார்கள்? எல்லாரும் பந்தியைப் பார்க்கிறார்கள். அதிலிருந்து தப்ப ஒரு வழி கிடைத்தது, அழகுமலையின் நாடகக் கம்பெனி.

“ஒரு சாயங்கால ஆட்டம் நடத்திக் காட்டுங்க பாய்,” என்றார் அழகுமலை. “சனம் ஒத்துக்கிட்டா வேலை ஒங்களுக்கு. இல்லேன்னா பழைய ஊர்வலந்தான்.”

அதுவரை பாட்டை நடத்தியவர் ஹார்மோனியம் சிவனாண்டி. குச்சியை வாங்கி உருட்டிப் பார்த்தார்.

“இது சத்தம் போடுமா பாய்?”

“போடாதுண்ணே. நீங்க போடுறத நிறுத்தும்.”

(சிவனாண்டியை வில்லனாக்க இரண்டு பக்கம் எழுதினேன். மனிதர் சிரித்துக்கொண்டே இருந்தார். பக்கங்கள் அடுப்புக்குப் போயின.)

4

திரை ஏறியது. அலீம் பழகியபடி சபைக்கு முதுகு காட்டி நின்றார். முன்வரிசையில் அலங்காநல்லூரிலிருந்து வண்டி கட்டி வந்த விருமாண்டி.

“ஏய்யா, இம்புட்டு சனம் உக்காந்திருக்கு, முதுகக் காட்டிட்டு நிக்கிறீரு?”

“வாத்தியக்காரங்க என்னயப் பாக்கணும்ணே.”

“அப்ப நாங்க யாரப் பாக்க?”

அழகுமலை ஓரத்திலிருந்து, திரும்பு என்று சைகை காட்டினார். அலீம் திரும்பினார். குச்சி இப்போது சபையைப் பார்த்து ஆடியது. சபையோ, தனக்குத்தான் சொல்கிறார் என்று அதற்கேற்பக் கைதட்டத் தொடங்கியது. பின்னால் வாத்தியங்கள் அந்தத் தட்டலைப் பிடித்துக்கொண்டு நடந்தன.*

ராஜா வேஷக்காரர் முத்திருளன் பாடிக்கொண்டே செத்தார். கொட்டகை எழுந்து நின்று “ஒன்ஸ்மோர்” என்றது. சபை கேட்டால் செத்த ராஜா எழுந்து, பாடி, மறுபடி சாவது கம்பெனி வழக்கம். சிவனாண்டி ஹார்மோனியக் கட்டையில் விரல் வைத்தார். எழட்டும் என்று அழகுமலை தலையாட்டினார்.

அலீம் குச்சியை உயர்த்தியபடி நின்றார். சாவுக்குப் பிறகு மௌனம், அதிலிருந்து ராணியின் ஒப்பாரி. அவர் கற்றது அதுதான். அவர் கைக்கு அதுவரை கட்டுப்பட்ட கொட்டகை, இப்போதும் வாயை மூடிக் காத்திருந்தது.

* இது நடக்குமா என்று கேட்காதீர்கள். எனக்கும் சந்தேகம்தான்.

5

ராஜாவை எழுப்பி ஒரு முடிவு எழுதினேன். வேலை கிடைத்தது, மாலை விழுந்தது. மாலைக்குள் இருந்தவரின் முகத்தை எழுத வரவில்லை.

ஒப்பாரியைத் தொடங்கவைத்து இன்னொன்று. விருமாண்டி துண்டால் கண்ணைத் துடைத்தார். துடைத்தவர் நானே என்று தெரிந்ததும் கிழித்தேன்.

‘அப்போது கொட்டகையில் தீ—’ சே.

ஆகவே குச்சி மேலேயே நிற்கிறது. அலீமுக்குக் கை வலிக்கிறது. தரையில் ராஜா ஒற்றைக் கண்ணைத் திறந்து, எழவா கிடக்கவா என்று பார்க்கிறார். ஒன்ஸ்மோர் கேட்ட சபை நீங்கள்தான். மறுபடி கேட்பீர்களா, பேசாமல் இருப்பீர்களா? என்னைப் பார்க்காதீர்கள், அவரைப் பாருங்கள்.

உங்கள் வீட்டில் எல்லாரும் ஒரே நேரத்தில் சாப்பிட உட்காரும்படி ஆகட்டும். கடைசியாக உட்காருபவளுக்கும் குழம்பு மிஞ்சட்டும்.